நிலமும் பொழுதும்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். அவ்வூர் வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்குவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவது மலை, பின்னும் மலை, அதன் பின்னும் மலையே. விடியற்காலையில் அம்மலை கருநீலமாகக் காட்சி தரும். ஞாயிறு எழுந்தபின் பசுமையும் செம்மையும் கலந்து விளங்கும். மாலையில் தன் நிழலை நெடுந்தொலைவு சமவெளியின் மேல் விரிக்கும். கோழி கூவுமுன்னரே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைச் சுமந்துகொண்டு ஜீப்புகள் மலைப்பாதையில் வரிசையாக ஏறும். மலையில் விளைந்த ஏலம் கீழே வந்து போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஏலம் போகும். இவ்வாறு அப்பகுதி மக்களின் வாழ்வு மலையோடு பின்னிக் கிடக்கின்றது.

நாள்தோறும் மலையைக் காண்பவர்க்கு ஒருநாளேனும் அதன் உச்சியில் நின்று கீழே நோக்கவேண்டும் என்னும் அவா எழுவது இயல்பு. அவ்வவா தீயதன்று. காலுக்கு வலிமையும், கண்ணுக்கு இன்பமும், உள்ளத்திற்கு விரிவும் தருவது மலைச்செலவு. ஆயினும், எங்குச் செல்வது என்று ஆராயும் நம்மில் பலர், எப்பொழுது செல்வது என்று ஆராய்வதில்லை. அவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றை இங்கே கூற விரும்புகின்றேன். அப்போது யான் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். மாசித் திங்களில் ஒருநாள், தொல்காப்பியர் கூறும் முதற்பொருளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினேன். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்னும் இரண்டுமே என்றும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்றும், பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்றும் விளக்கினேன். மாணவர் ஏட்டில் குறித்துக்கொண்டனர். பாடம் முடிந்ததும் அவர்களுள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஐயா, வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் குரங்கணி மலைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று வேண்டினர். யானும் மகிழ்ந்து இசைந்தேன்.

வழித்துணை வேண்டி, ஏலத்தோட்டத்தில் இளமை முதல் உழைத்து முதிர்ந்த பெரியவர் ஒருவரை நாடிச் சென்றேன். அவர் என் சொல்லைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மலையையே நோக்கியிருந்தார். பிறகு, "வாத்தியாரையா, இப்போது வேண்டாம். புல்லெல்லாம் காய்ந்து பஞ்சாய்க் கிடக்கிறது. ஒரு பொறி போதும். மலை எங்கேயும் ஓடிவிடாது, பொழுது வரட்டும், நானே கூட்டிப் போகிறேன்" என்றார். பிள்ளைகளுக்கு வாக்களித்துவிட்டோமே என்று அப்போது எனக்குச் சற்றே வருத்தம் உண்டாயிற்று. அப்பெரியவர்மீது சினமும் எழுந்தது. எனினும், வழித்துணையின்றிச் செல்ல அஞ்சி, அச்செலவை நிறுத்திவிட்டேன். அவர் கூறியதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் இம்மலையின் அமைப்பை அறிந்துகொள்வோம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் எல்லையாகிய போடிமெட்டு வரும். வடமேற்கே, கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே சென்றால் மலையடியில் குரங்கணி என்னும் ஊரை அடையலாம். அதற்கு மேலே, 2,000 மீட்டருக்கும் உயர்ந்த இடத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் உள்ளது. எல்லைக்கு அப்பால் ஏலமலைக் காடுகளினிடையே மதிகெட்டான் சோலை விளங்குகின்றது. உட்புகுந்தோர் திசை அறியாது மதி மயங்குவர் என்பதனால் அதற்கு அப்பெயர் வந்ததாகக் கூறுவர். 2003 ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. இன்னும் வடக்கே, மூணாற்றை அடுத்து, இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. தென்னிந்தியாவின் மிகவுயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், அங்கேதான் தலைநிமிர்ந்து நிற்கின்றது. தமிழகத்தின் மாநில விலங்காகிய வரையாடு அப்பூங்காவின் பாறைகளில் மந்தை மந்தையாக வாழ்கின்றது.

இம்மலைகளின் உயர்ந்த பகுதிகளில் இருவகை நிலைத்திணைகள் அடுத்தடுத்துக் காணப்படும். பள்ளங்களில் அடர்ந்து, என்றும் ஈரங்குன்றாது நிற்பது சோலை. நம் தமிழ்ச் சொல்லாகிய இதனையே ஆங்கிலேயர் 'ஷோலா' என வழங்கினர். மேடுகளிலும் சரிவுகளிலும் போர்வை விரித்தாற்போல் படர்ந்திருப்பது புல்வெளி. சோலை ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. புல்லோ பருவத்திற்கேற்ப மாறும். மழையில் தழைக்கும், பனியில் கருகும், வெயிலில் சருகாகும். மலைக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

இனி, இம்மலைக்கு இருமுகம் உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். ஜூன் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலினின்று நீராவியைச் சுமந்துகொண்டு வருகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. காற்று மலைமேல் ஏறுகின்றது, ஏறுங்கால் குளிர்கின்றது, குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் தாங்க இயலாது. ஆகவே அந்நீராவி முகிலாகி மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகின்றது. ஈரத்தை இழந்த காற்றே கிழக்குச் சரிவில் இறங்குகின்றது. இறங்குங்கால் வெப்பமடைந்து மேலும் வறள்கின்றது. எனவே, மூணாற்றில் அடைமழை பெய்யும் அதே நாளில், பொட்டிபுரத்தில் புழுதிக்காற்று வீசுதலும் உண்டு. கணவாய்களின் வழியே தப்பி வரும் சாரலே அப்போது கீழுள்ளார்க்குக் கிடைக்கும் மழை. இதனால் கிழக்குச் சரிவை மழைமறைவு நிலம் என்பர். அது பெருமழை பெறுவது அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் ஆகும்.

இவ்வுண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டு, நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளின் வழியே இம்மலையை ஒருமுறை சுற்றி வருவோம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். அப்போதுதான் பள்ளி விடுமுறை வருகின்றது. மலைப்பாதைகளில் வண்டிகள் நிறைகின்றன. கீழே வெப்பம் வாட்டும்போது மேலே குளிர்ச்சி இனிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறைவது பொதுவியல்பு. ஆகவே, போடியில் வெப்பநிலை 35 பாகையாக இருக்கும்போது கொழுக்குமலையில் அஃது 24 பாகையை ஒட்டியிருக்கும். ஆயினும் கோடைமழை இக்காலத்தில் முன்னறிவிப்பின்றித் தோன்றும். காலையில் முகிலற்றிருந்த வானம் பிற்பகலில் இருண்டு, இடியும் மின்னலும் சூழும். வெட்டவெளியான முகட்டில் நிற்பவர்க்கு மின்னலினின்று மறைவிடம் இல்லை. தனிமரத்தின் அடியும் காவலாகாது. எனவே, இக்காலத்தில் ஏறுவோர் விடியற்காலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிடுதல் அறிவுடைமை.

ஆனியும் ஆடியும் முதுவேனில். பெயரளவில் இது வேனிலே. கிழக்கே அது மெய். மேற்கே அது பொய். நம் முன்னோர் வகுத்த பெயர் தமிழ்ச் சமவெளிக்குப் பொருந்தும். மலையின் மேற்கு முகத்திற்கோ இதுவே மழையின் உச்சக்காலம். 1924 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையின் வரலாற்றை மூணாற்று மக்கள் இன்றும் கூறுவர். அதற்கு முன் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு இருப்புப்பாதை இருந்தது. அங்கே வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் கீழே இறங்கின. மேலுள்ள நிலையம் ஆதலின் அவ்விடத்திற்கு டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் வந்தது. 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. பெயர் மட்டும் எஞ்சியது.

இது பழங்கதை என்று எண்ணற்க. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, இரவிகுளம் பூங்காவை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த வீட்டு வரிசைகளை மண்ணும் பாறையும் மூடின. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டை மூலமாகக் கொண்ட குடும்பத்தினர். தொழிலின்பொருட்டு அங்கே வாழ்ந்தவர்களுக்கு விட்டு நீங்க வழியில்லை. காட்சி காணச் செல்லும் நமக்கோ, செல்லாதிருக்க வழியுண்டு. ஆடி மழையில் மேற்குச் சரிவுக்குச் செல்லாதிருத்தலே நாம் செய்யத்தக்கது.

ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். மழை சிறிது தணியும், மறுபடியும் வலுக்கும். புல்வெளி எங்கும் பசுமை கொழிக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காலத்தில்தான் நீலக்குறிஞ்சி பூக்கும். 2006 ஆம் ஆண்டிலும் 2018 ஆம் ஆண்டிலும் அது இரவிகுளத்து மலைச்சரிவுகளை நீலமாக்கிற்று. அக்கணக்கின்படி அடுத்த பூப்பு 2030 ஆம் ஆண்டில் நிகழ்தல் வேண்டும். பூவைக் காண ஆண்டு பன்னிரண்டு பொறுக்கும் மலையின்முன், நாம் திங்கள் சில பொறுத்தல் அரிதோ?

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இப்போது காற்றின் திசை மாறுகின்றது. மழையின் முகமும் மாறுகின்றது. கிழக்குச் சரிவு நனைகின்றது. கொட்டகுடி ஆறு செந்நீர் பெருக்கி ஓடும். வறண்டு கிடந்த பாறைகளில் அருவிகள் பிறக்கும். காண்பதற்கு இதனினும் அழகிய காலம் இல்லை; நடப்பதற்கு இதனினும் வழுக்கும் காலமும் இல்லை. போடிமெட்டுச் சாலையில் பாறை உருள்வதும் மண் சரிவதும் இக்காலத்தில் நேர்வன. காட்டாற்றை முழங்காலளவு என்று கருதி இறங்குதல் தவறு. மேலே மலையில் பெய்த மழை கீழே வெள்ளமாக வந்து சேரச் சிறிது நேரமே போதும். இடுப்பளவு நீர் வலியவனையும் வீழ்த்திவிடும்.

மார்கழியும் தையும் முன்பனி. மழை ஓய்ந்து, வானம் துலங்கி, காற்று தெளிந்திருக்கும் காலம் இது. முகட்டில் நின்றால் கீழே சமவெளி முழுவதும் ஓவியம்போல் விரியும். மண்ணில் ஈரம் இருப்பதால் தீயச்சம் குறைவு. மழை குறைந்தமையால் சரிவச்சமும் குறைவு. ஆயினும் குளிர் கடுமையாகும். மூணாற்றுப் புல்வெளிகளில் சில விடியல்களில் வெப்பநிலை சுழிக்குக் கீழே சென்று உறைபனி படிதலும் உண்டு. கம்பளியாடை இன்றிச் செல்லுதல் ஆகாது. மலைச்செலவுக்கு நான் சொல்லத்தக்க காலம் இதுவே. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் மார்கழியில் வருவது மாணவர் பெற்ற பேறு.

எஞ்சியிருப்பது மாசியும் பங்குனியுமாகிய பின்பனிக்காலம். பின்பனி என்னும் பெயரைக் கேட்போர் குளிர்ச்சியையே எண்ணுவர். வானம் தெளிந்திருக்கும், மழையில்லை, பகல் இனிதாகவே இருக்கும். மலைக்குச் செல்ல ஏற்ற காலம் என்றே எவர்க்கும் தோன்றும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகின்றது. இரண்டு திங்களாக மழை குறைந்தமையால் மண் வறண்டு கிடக்கும். பனியில் கருகிய புல், பகல் வெயிலில் காய்ந்து, ஆளுயரத்திற்குத் தீக்குச்சிகளை நட்டுவைத்தாற்போல் நிற்கும். மேலும், பகலில் வெயில் பட்ட சரிவின்மேல் காற்று கீழிருந்து மேலாக ஏறும். இந்நிலையில் அடிவாரத்தில் விழும் ஒரு பொறி, சரிவு முழுவதற்கும் போதும்.

2018 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழ்க் கணக்கில் மாசியின் இறுதி. சென்னை, ஈரோடு, திருப்பூர் ஆகிய ஊர்களிலிருந்து மலையேற்றத்திற்கு வந்திருந்த இரு குழுவினர், கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர், மகளிரும் பலர். பிற்பகலில் புல்வெளியில் தீப்பற்றிப் பரவியது. புகை வழியை மறைத்தது. அவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். குரங்கணி ஊராரும், தோட்டத் தொழிலாளரும், வனத்துறையினரும் இருளையும் வெப்பத்தையும் பொருட்படுத்தாது மலையேறிக் காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். வான்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புப்பணிக்கு வந்தன. எனினும் அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அதே ஆண்டு, ஐந்து திங்களுக்குப் பின், குறிஞ்சி பூத்தது.

இறந்தோரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. மலையை விரும்பிச் சென்ற இளம் உயிர்கள் அவை. யானும் என் மாணவரும் அவ்வாறே ஒரு மாசி ஞாயிற்றில் அச்சரிவில் நின்றிருக்கக் கூடியவர்களே. அச்செய்தியை நாளிதழில் படித்த அன்று, அப்பெரியவர் மலையை நோக்கியிருந்த பார்வை என் நினைவில் எழுந்தது. பாலைக்குப் பின்பனியும் உரியது என்று காலையில் பாடஞ்சொன்னவன் யான். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்னும் பழங்கொள்கையையும் அறிந்தவன் யான். ஆனால், என் கண்ணெதிரே நின்ற குறிஞ்சிநிலம் மாசித் திங்களில் பாலையாகிவிட்டது என்பதை யான் உணரவில்லை. எழுத்தறியாத அப்பெரியவர் அதனை உணர்ந்திருந்தார். யான் நூலில் கற்றதை அவர் புல்லில் கற்றிருந்தார். நிலத்தை மட்டும் பார்த்தவன் யான். நிலத்தையும் பொழுதையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். பொழுதை நீக்கி நிலத்தை மட்டும் அறிபவன், மலையில் பாதியையே அறிந்தவன் ஆவான்.

குரங்கணித் துயரத்திற்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியரோடு செல்லும் திட்டத்தையும் தொடங்கியது. 2025 ஆம் ஆண்டில் காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவ்வழிகள் மூடப்பட்டன. இரவிகுளம் பூங்காவும் வரையாடுகள் குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச்சுத் திங்களையொட்டி ஆண்டுதோறும் மூடப்படுகின்றது. கதவு மூடியிருப்பதைக் கண்டு வருந்துவோர், அது விலங்கிற்கு மட்டுமன்றி நமக்கும் காவல் என்று தெளிதல் வேண்டும்.

இனி, மலைச்செலவைத் திட்டமிடும் முறையை நோக்குவோம். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்முறை மலையேறுவோர்க்கும் பொருந்தும்.

முதலாவது வலியறிதல். குழுவின் வலிமை என்பது அதில் மிக மெலிந்தவரின் வலிமையே ஆகும். விரைந்து ஏறுபவனைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடலாகாது. இறங்குதற்கு ஏறுவதைவிடக் குறைந்த மூச்சும் மிகுந்த கவனமும் வேண்டும். குடிநீர், எளிய உணவு, மழையங்கி, கம்பளி, கைவிளக்கு, காயத்திற்குரிய மருந்து ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருத்தல் நலம். மழைக்காலத்தில் அட்டைக்கடியும் உண்டாகலின் காலுறையும் தேவை.

இரண்டாவது காலமறிதல். பருவத்தைத் தேர்ந்தபின் நாளையும் தேர்தல் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத்துறை மாவட்டந்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகின்றது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் எச்சரிக்கையின் அளவை அது காட்டுகின்றது. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது கனமழை, 115.6 மில்லிமீட்டர் முதல் மிகக் கனமழை, 204.5 மில்லிமீட்டரை எட்டினால் அதி கனமழை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் மலை தேனி, இடுக்கி என்னும் இரு மாவட்டங்களின் எல்லையில் நிற்பது. தேனியின் முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போடிமெட்டு ஏறுபவன், ஆடித்திங்களில் வெயிலிலிருந்து புறப்பட்டு வெள்ளத்தில் போய்ச் சேர்வான். ஆகவே, இரு மாவட்டங்களின் முன்னறிவிப்பையும் காண்க. இரண்டில் கடியது எதுவோ அதனையே நம்புக.

நாளுக்குள்ளும் பொழுது உண்டு. கிழக்குச் சரிவில் நடப்போர்க்கு ஞாயிறு விரைவில் மறையும். மேற்கே உயர்ந்த முகடு இருப்பதனால், சமவெளியில் வெயில் அடிக்கும்போதே குரங்கணிப் பள்ளத்தில் நிழல் படிந்துவிடும். எனவே, திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்னரே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். அந்நேரம் வந்ததும், உச்சி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலும் திரும்பிவிடுதலே வீரம்.

மூன்றாவது இடனறிதல். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றிப் புகுதல் குற்றம். பெற்ற இசைவுக்குரிய வழியை விட்டு வேறு வழியிற் செல்லுதலும் குற்றமே. எவ்வழியே செல்கின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாரிடமோ ஊராரிடமோ சொல்லிவிட்டே புறப்படுக. அவ்விடத்து மக்களுள் ஒருவரை வழித்துணையாகக் கொள்க. யானை நடமாடும் தடத்தையும், மண் இளகிய சரிவையும், நீர் கிடைக்கும் சுனையையும் அவரே அறிவார்.

காட்டில் தீ மூட்டுதல் எக்காலத்தும் தகாது. எதிர்பாராது தீயைக் காண நேரின் ஓர் உண்மையை நினைவிற் கொள்க: தீ சமநிலத்தைவிட மேட்டை நோக்கி விரைந்து ஓடும். வெப்பம் மேலெழுந்து, மேலுள்ள புல்லை முன்னரே காயவைத்துவிடுவதே அதற்குக் காரணம். ஆதலால், தீக்கு மேலே புல்வெளியில் ஏறி ஓடுவது கேடு. குறுகிய வறண்ட ஓடைப்பள்ளமும் புகைபோக்கி போலத் தீயை மேலே இழுக்கும். அத்தகைய இடத்தை விடுத்துப் பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற பாறையையோ, முன்னரே எரிந்து அடங்கிய நிலத்தையோ நாடுதல் வேண்டும். எவரும் தனித்து ஓடலாகாது. வழித்துணைவர் சொல்லை மீறலும் ஆகாது.

இவ்வளவும் கேட்டபின், மலை அஞ்சத்தக்க இடம் என்று மாணவர் கருதிவிடலாகாது. அஞ்சத்தக்கது மலையன்று, அறியாமையே. அந்த மாசியில் எங்களைத் தடுத்த பெரியவர் தம் சொல்லை மறக்கவில்லை. அவ்வாண்டு மார்கழி விடுமுறையில் அவரே முன்வந்து எங்களை அழைத்துச் சென்றார். ஈரப் புல்லின்மேல் பனித்துளிகள் மின்னின. தொலைவில், கீழே, எங்கள் ஊர் ஒரு கைப்பிடி அளவாகத் தோன்றிற்று. மாணவனொருவன் என் அருகில் வந்து, "ஐயா, குறிஞ்சிக்கு முன்பனி உரியது என்று அன்று குறித்துக்கொண்டேன். இன்றுதான் புரிந்தது" என்றான். யான் மறுமொழி கூறவில்லை. எனக்கும் அது அன்றுதான் புரியத் தொடங்கியிருந்தது.

மாணவர்களே, நீங்களும் மலைக்குச் செல்லுங்கள். செல்லுமுன் இடத்தைக் கேளுங்கள். அதனோடு காலத்தையும் கேளுங்கள். நாள்காட்டியைப் பாருங்கள்; முன்னறிவிப்பைப் பாருங்கள்; அடிவாரத்து முதியோரின் முகத்தையும் பாருங்கள். அவர்கள் 'இப்போது வேண்டாம்' என்றால், நம்மைத் தடுக்கின்றார்கள் என்று எண்ணாதீர்கள். நாம் மீண்டும் வரவேண்டும் என்று விரும்புகின்றார்கள் என்று எண்ணுங்கள். மலை அங்கேயே நிற்கும். அதனைக் காண நாமும் இருத்தல் வேண்டும்.